கரிசல் நிலத்துக் குழந்தையும் ஆரம்பப் பள்ளியும்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் இடைசெவல் என்னும் சிற்றூரில், 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஒரு வார இடைவெளியில் பிறந்த இரண்டு குழந்தைகள் பிற்காலத்தில் தமிழ் உரைநடையின் இரு பெரும் பெயர்களாயின. 16-ஆம் தேதி பிறந்தவர் கி. ராஜநாராயணன், 23-ஆம் தேதி பிறந்தவர் கு. அழகிரிசாமி. அழகிரிசாமி பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, அரசாங்க உத்தியோகம், பத்திரிகாலயம், மலேயா என்று ஊரை விட்டு வெளியேறினார். ராஜநாராயணனோ படிப்பை நடுவிலேயே நிறுத்திவிட்டு, கரிசல் காட்டுச் சம்சாரியாக, அதாவது விவசாயியாக, வெகுகாலம் வாழ்ந்து, முதுமையில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியலுக்கு வருகைதரு பேராசிரியராக அமர்ந்தார்.

பள்ளிக்கூடத்தை நம்பாமலே ஒருவன் பேராசிரியனாகிவிடலாம் என்பதற்கு ராஜநாராயணனை உதாரணம் காட்டுவோர் உண்டு. அது சரியான அனுமானம் அன்று. அவர் எழுதப் படிக்கக் கற்றிருந்தார். கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தார். படித்ததைப் பேசவும் வாதிக்கவும் அழகிரிசாமியைப் போன்ற ஒரு சிநேகிதர் வாய்த்திருந்தார். விளாத்திகுளம் சுவாமிகளின் சங்கீதத்தைக் கேட்கும் பாக்கியம் கிட்டியது. காலூன்றி நிற்கச் சொந்த நிலமும் இருந்தது. இவற்றில் ஒன்றும் வாய்க்காத எத்தனையோ பிள்ளைகள் அதே காலத்தில் அதே வட்டாரத்துத் தெருக்களில் வளர்ந்தார்கள். அவர்களுக்குள் எத்தனை மேதைகள் களைவெட்டுக் கொத்தோடும் ஆட்டுக் கம்போடும் மறைந்து போனார்கள் என்பதை எந்தச் சரித்திரமும் எழுதி வைக்கவில்லை. கரிசல் நிலம் தன் குழந்தைக்குத் தானே கற்றுக்கொடுப்பது எவ்வளவு, அதற்கு மேல் பள்ளிக்கூடம் கொடுக்கவேண்டியது எவ்வளவு, நிலம் கொடுத்ததைப் பள்ளிக்கூடம் எந்த அளவுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது என்பவற்றை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் விதைத்து, பருத்தியும் உளுந்தும் பாசிப்பயறும் கம்பும் சோளமும் மல்லியும், இப்போது பெரும்பான்மையாக மக்காச்சோளமும், விளைவிக்கும் நிலம். மழை பெய்தால் காலை எடுத்து வைக்க விடாமல் ஒட்டிக்கொள்ளும் இந்த மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இங்கே வளரும் பத்து வயதுக் குழந்தை, ஆட்டின் பல்லைப் பார்த்து அதன் வயதைச் சொல்லும். வெடிப்புக்குள் குச்சியை விட்டு ஈரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று அறியும். கூட்டைக் கண்டு குருவியின் பெயரைச் சொல்லும். ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ என்ற குறுநாவலைப் படித்தவர்களுக்கு, பறவைகளின் பின்னால் காடு காடாக அலையும் சிறுவர்களிடம் எத்தகைய கூர்மையான அவதானம் குடிகொண்டிருக்கிறது என்பது விளங்கும். ஆயினும் இந்த ஞானத்துக்கு ஓர் எல்லை உண்டு. பருத்தி விலை ஏன் சரிந்தது என்பதையும், எடைச் சீட்டில் எழுதியிருப்பது சரிதானா என்பதையும், மருந்துப் போத்தலின் மேல் அச்சடித்திருப்பது என்ன என்பதையும் நிலம் சொல்லித் தராது.

ஐரோப்பியர் ஏற்படுத்திய பள்ளிகளுக்கு முன்பும் நம் கிராமங்களில் கல்வி இல்லாமல் இல்லை. சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய விசாரணையின்படி, மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணாக்கர்கள் பயின்றுவந்தார்கள். பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகளான அவற்றில் மணலில் எழுத்தும், ஓலையில் எண்சுவடியும், முகத்தல் நிறுத்தல் அளவைகளும், கடிதம் கணக்கு எழுதும் முறையும் கற்பிக்கப்பட்டன; கற்றுத் தேறிய பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது. வாழ்க்கைக்கு உதவும் கல்வி என்று இன்று எதைத் தேடுகிறோமோ அதன் ஒரு பகுதி அங்கே இருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தாழ்த்தப்பட்ட ஜாதிகளாகக் கருதப்பட்டோரின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. பெண் குழந்தைகளுக்கும் அநேகமாக இல்லை. பழைய முறையைப் போற்றுகிறவர்கள் இதை மறந்து போற்றுவது தர்மமாகாது. அளவை தெரிந்தவன் ஒருவனாகவும் அளந்து கொடுத்தவன் மற்றொருவனாகவும் இருந்த ஊரில், கல்வியே சுரண்டலுக்கு உபகரணமாக இருந்ததும் உண்டு.

தொழிலையும் படிப்பையும் இணைப்பது பற்றிய விவாதம் சுதந்திர இந்தியாவில் நம் மாநிலத்தில்தான் மிகக் கடுமையாக நடந்தது. காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்து, ஜாகீர் உசேன் குழு வகுத்துக் கொடுத்த ஆதாரக் கல்வி, ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, கணக்கையும் மொழியையும் சமூக அறிவையும் அதன் வழியே கற்பிக்க முயன்றது. எந்த ஜாதிக் குழந்தையும் எந்தத் தொழிலையும் பயிலலாம் என்பது அதன் உயிர்நிலை. 1953-இல் ராஜாஜியின் அரசாங்கம் கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த மாற்றுத் திட்டமோ வேறு வகையானது. பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, இருக்கும் கட்டிடத்திலும் இருக்கும் உபாத்தியாயர்களைக்கொண்டும் இரண்டு முறை வைத்து அதிகப் பிள்ளைகளைச் சேர்ப்பது, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகுவது என்பது அதன் அமைப்பு. பணமில்லாத அரசாங்கம் மேலும் பல குழந்தைகளைப் பள்ளிக்குள் கொண்டுவரத் தேடிய வழி அது என்ற சமாதானத்தை நான் முற்றிலும் தள்ளிவிடவில்லை. அதை ஆராய அமைக்கப்பட்ட பருலேகர் குழுவும் சில திருத்தங்களுடன் அதை ஆதரித்தது. ஆனால் தகப்பன் தொழில் ஜாதியால் நிர்ணயிக்கப்பட்டிருந்த சமூகத்தில், வீட்டுத் தொழிலைப் பழகு என்று அரசாங்கமே சொல்வதன் பொருள், பிறப்பு போட்ட கோட்டைப் பள்ளிக்கூடமும் சேர்ந்து தடிப்பாக்குகிறது என்பதே. குலக்கல்வி என்ற பெயரில் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் நடத்திய எதிர்ப்பு அதைத் தகர்த்தது. 1954-இல் காமராஜர் பதவியேற்றதும் திட்டம் கைவிடப்பட்டது.

வாழ்க்கைத் திறன் என்ற பெயரில் எந்தத் திட்டம் வந்தாலும் அதைச் சோதிப்பதற்கு 1953-இன் அனுபவத்திலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். குழந்தைக்கு முன்னால் இருக்கும் வழிகளை அந்தத் திட்டம் பெருக்குகிறதா, அல்லது குறைக்கிறதா? ஆடு மேய்ப்பவரின் மகளுக்கு ஆட்டு நோய்களைப் பற்றிப் பாடம் சொல்வது நன்மைதான். அந்தப் பாடம் அவள் கால்நடை மருத்துவராவதற்கு முதற்படியாக இருக்கவேண்டும். கிடையிலேயே அவள் நின்றுவிடுவதற்குக் காரணமாக இருக்குமானால், அது எவ்வளவு நயமான பாடமாக இருந்தாலும் வேண்டாம்.

திட்டத்தைக் கைவிட்டதோடு காமராஜர் நின்றிருந்தால் அது பாதி வேலையாக முடிந்திருக்கும். பொதுக்கல்வி இயக்குநராக நெ. து. சுந்தரவடிவேலு துணைநிற்க, பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளிகளைத் திறந்த அவருக்கு, திறந்த பள்ளிக்குப் பசியோடு குழந்தை வராது என்ற உண்மை தெரிந்திருந்தது. விருதுநகரில் பிறந்தவருக்கு இந்த வானம் பார்த்த பூமியின் பசியை யாரும் விளக்கவேண்டியதில்லை. பள்ளிக் குழந்தைகளுக்கான மதிய உணவுத் திட்டம் 1956-இல் கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் எட்டயபுரத்தில் தொடங்கியது. ஊரார் தானியமும் பொருளும் கொடுத்து நடத்திய காரியமாக அது வேரூன்றியது. எம்.ஜி.ஆர். காலத்தில் 1982-இல் சத்துணவாக விரிந்து, 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவாகவும் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்து அரசு ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது. விடிந்ததும் தாய் காட்டுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போய்விடும் வீட்டில், எட்டரை மணிக்குப் பள்ளியில் கிடைக்கும் உப்புமாவும் பொங்கலும் முதல் பாடவேளையின் கணக்கைத் தலையில் ஏற்றும் சக்தி வாய்ந்தவை.

தீப்பெட்டி ஆபீஸ் என்று சொன்னேன். கரிசல் காட்டின் கல்விச் சரித்திரத்தில் அதைத் தாண்டிப் போக முடியாது. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்த தொழில், மழை பொய்த்த வருஷங்களில் சம்சாரிகளுக்குக் கஞ்சி வார்த்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரங்களில் குழந்தைகளின் விரல்களையே மூலதனமாகக் கொண்டு அது வளர்ந்தது. விடியற்காலை இருட்டில், ஊர் ஊராக வரும் வண்டிகள் தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்; கட்டை அடுக்கினால் கட்டைக் கணக்கு, பெட்டி ஒட்டினால் பெட்டிக் கணக்கு; பொழுது சாய்ந்த பிறகு வீடு. 1980-களில் சிவகாசி வட்டாரத்தில் மட்டும் இவ்வாறு வேலை செய்த குழந்தைகள் 45,000 பேர் என்று அக்காலத்து மதிப்பீடு ஒன்று கூறியது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள ஆண்டிபட்டியைச் சேர்ந்த எழுத்தாளர் பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ என்ற திரைப்படம் அந்த வாழ்க்கையின் சாட்சியம். படிப்புக்குப் பதிலாகத் தொழில் கற்கிறார்கள் என்று அன்று சொல்லப்பட்டதுண்டு. எட்டு வயதில் கற்ற குச்சி அடுக்குதலில், நாற்பது வயதில் புதிதாகக் கற்க எதுவும் இருக்கவில்லை. அதைத் திறன் என்று அழைப்பது அந்தச் சொல்லுக்கே இழுக்கு.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளை முன்னிட்டு வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்றும், அந்தக் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை கொடுக்க வழி காணவேண்டும் என்றும், அதற்கு இயலாதபோது அரசாங்கம் தன் பங்காக 5,000 ரூபாய் அளிக்கவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. குழந்தையின் படிப்பும் பெற்றோரின் வருமானமும் ஒரே முடிச்சில் இருப்பதைக் கண்டுகொண்ட தீர்ப்பு அது. சட்டமும், இயந்திரங்களின் வருகையும், சத்துணவும், படித்த பிள்ளைக்கு மதிப்பு உண்டு என்று பெற்றோரிடம் வேரூன்றிய நம்பிக்கையும் சேர்ந்து, அந்த விடியற்கால வண்டிகளிலிருந்து குழந்தைகளை இறக்கிவிட்டன. ஆனால் 2016-இல் திருத்தப்பட்ட சட்டம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், அபாயமற்ற குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. வீட்டுத் திண்ணையில் தாய்க்கு உதவுவதற்கும், தரகருக்குக் கணக்கு முடிப்பதற்கும் இடையிலுள்ள வேற்றுமையை எந்த ஆய்வாளர் வந்து அளப்பது? 1953-இன் குரலை இந்த விதிவிலக்கில் மறுபடியும் கேட்கிறேன். அது எனக்குக் கவலை தருகிறது.

இனி, பள்ளிக்கூடம் கொடுக்கவேண்டிய திறன்களுக்கு வருவோம். உலக சுகாதார ஸ்தாபனம் 1990-களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தை வகுத்தது. முடிவெடுத்தல், பிரச்சினையைத் தீர்த்தல், ஆக்க சிந்தனை, விமரிசன சிந்தனை, கருத்தை உணர்த்துதல், பிறரோடு பழகுதல், தன்னை அறிதல், பிறர் துன்பத்தை உணர்தல், உணர்ச்சியையும் மன அழுத்தத்தையும் சமாளித்தல் என்பவை அவை. பட்டியல் உயர்ந்ததுதான், அதைச் சுவரில் எழுதி வைத்து, வாரத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்கி, நற்பண்புகளைப் பற்றிப் பேசி முடித்துவிடுவதில்தான் பிரயோஜனம் இல்லாமல் போகிறது.

பருத்திக் காட்டில் அடிக்கும் பூச்சிமருந்துப் போத்தலை எடுத்துக்கொள்வோம். மூலையில் நிற்கும் சதுரம் ஒன்று அதன் மேல் அச்சிடப்பட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை அவற்றிலும் குறைந்தது. பச்சையும் விஷமே என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. இந்த நான்கு நிறங்களை அறிவதற்கு எழுத்துக்கூடத் தெரியவேண்டியதில்லை. ஆயினும் இவற்றை அறியாமல் காலிப் போத்தலைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கும் வீடுகள் உண்டு. நான்காம் வகுப்புக் குழந்தைகள், உபாத்தியாயர் கழுவிச் சுத்தம் செய்து கொண்டுவந்த சீட்டு ஒன்றைப் படித்து, நிறத்தை அறிந்து, எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யவேண்டும் என்ற கணக்கைப் போட்டு, வீட்டுக்குப் போய், “அப்பா, மேல்காத்து அடிக்கையில மருந்தடிக்காதீங்க, முகத்துல துணி கட்டிக்கிடுங்க” என்று சொல்வார்களானால், மொழியும் கணக்கும் விஞ்ஞானமும் அந்தப் பத்துத் திறன்களில் நான்கைந்தும் ஒரே பாடத்தில் வந்துவிடும். பாம்பு கடித்தால் வாயை வைத்து உறிஞ்சாமல், கத்தியால் கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, இடி இடிக்கும்போது வெட்டவெளிக் கரிசலில் ஒற்றைப் பனையின் அடியில் ஒதுங்காமல் இருப்பது, நிறைந்த கம்மாயின் ஆழத்தை அறிந்து இறங்குவது, வியாபாரியின் எடைச் சீட்டில் கழிவு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று பெருக்கிப் பார்ப்பது ஆகியவையும் இவ்விதமே.

இவை அனைத்துக்கும் அஸ்திவாரம், குழந்தை தடுமாறாமல் வாசிப்பது. அந்த அஸ்திவாரம் பலவீனமாக இருக்கிறது. கிராமப்புறக் குழந்தைகளின் கற்றலை வீடு வீடாகச் சென்று ஆராயும் அசர் அறிக்கையின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடிய ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் இந்திய அளவில் 2018-இல் நூற்றுக்கு 50.5 பேராக இருந்து, கொரோனாக் காலத்துக்குப் பின் 2022-இல் 42.8 ஆகக் குறைந்தார்கள். தமிழ்நாட்டின் நிலை அந்த ஆண்டில் அதற்கும் கீழே இருந்தது. பள்ளியில் சேர்ப்பதில் முன்னே நிற்கும் மாநிலத்துக்கு இது மிகுந்த வேதனை தரும் செய்தி. ஆயினும் வழி தெரியாத நிலை அன்று. ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம். பி. விஜயகுமார் தொடங்கிய செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் பரவியது. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் படியேறலாம் என்ற அதன் எண்ணம் உயர்ந்தது. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் இயக்கம் எட்டு வயதுக்குள் வாசிப்பையும் அடிப்படைக் கணக்கையும் உறுதிசெய்ய முற்பட்டிருக்கிறது. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு உபாத்தியாயர்கள் இருக்கும் கரிசல் பள்ளியில், ஒருவர் மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வட்டமாக உட்காரவைத்து, ஒரு வட்டத்துக்கு எழுத்து, மற்றொன்றுக்குக் கூட்டல், இன்னொன்றுக்குக் கதை என்று மாறி மாறிச் செல்வதைக் காண்கிறோம். மற்றவர் பயிற்சிக்கோ, புள்ளிவிவரம் ஏற்றும் வேலைக்கோ போய்விட்ட நாளில் ஐந்து வகுப்பும் இவர் தலையில். முறைகளை மாற்றிக்கொண்டே இருப்பதைக் காட்டிலும், இந்த உபாத்தியாயரைப் பள்ளியிலேயே இருக்கவிடுவது முதல் சீர்திருத்தம்.

அடுத்தது பாஷை. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் கரிசல் தமிழ் பேசும் பிள்ளைகளும் அடுத்தடுத்து உட்காரும் வகுப்பு இது. ராஜநாராயணனுக்கே வீட்டு மொழி தெலுங்கு. அவர் 1982-இல் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதி, இந்த ஜனங்களின் பேச்சு எவ்வளவு நுட்பமான அறிவைத் தாங்கியிருக்கிறது என்பதற்குச் சான்று. குழந்தை பேசுவதைத் தப்பு என்று அடக்கிவிட்டுப் புத்தகத் தமிழைப் புகட்டினால் அது வாயை மூடிக்கொள்ளும். முதலில் அதைப் பேசவிட்டு, பேசியதை எழுதிக் காட்டி, அங்கிருந்து பொதுத் தமிழுக்கு அழைத்துப் போனால் இரண்டும் அதற்கு வசமாகும். பிரேசில் நாட்டில் பாவ்லோ பிரெய்ரே வயதுவந்தோருக்கு அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்தே எழுத்தறிவித்ததும், 1990-களில் நம் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் அரிக்கேன் விளக்கடியில் கற்றுக்கொண்டதும் இந்த உண்மையைத்தான். அவ்வனுபவத்தை ‘இருளும் ஒளியும்’ என்ற நூலில் எழுதிய ச. தமிழ்ச்செல்வனும் இந்தக் கரிசல் பகுதியைச் சேர்ந்தவரே.

ஒரு காரியத்தைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். தூத்துக்குடி மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இந்தக் கரிசலுக்குள்ளேயே வானரமுட்டியில் இருக்கிறது. கோவில்பட்டியிலோ வேளாண் பல்கலைக்கழகத்தின் பழமையான ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களைப் பற்றித் தலைமுறைகளாக ஆராய்ந்துவருகிறது. இவ்விரண்டும் சேர்ந்து, கரிசல் வருஷத்தை அனுசரித்த பயிற்சி ஏடு ஒன்றை ஆரம்பப் பள்ளிகளுக்குத் தயாரிக்க முடியும். நேரான பக்கங்களும் தட்டையான அடியும் கொண்ட ஒரு பாத்திரத்தைப் பள்ளி முற்றத்தில் வைத்து, தினமும் காலையில் அடிமட்டத்தால் மழையை அளந்து, நான்காம் ஐந்தாம் வகுப்பார் மில்லிமீட்டரில் குறிப்பதும், சின்ன வகுப்பார் மேகத்தை வரைவதும், சம்சாரிகள் ‘ஓர் உழவு மழை’ என்று சொல்வது எத்தனை மில்லிமீட்டருக்குச் சமம் என்று ஊரில் ஒரு பாட்டியை அழைத்து வந்து விசாரிப்பதும் அதன் முதல் பாடமாகலாம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்குள் கயத்தாறு ஒன்றியத்துப் பள்ளிகளிலாவது ஏட்டைக் கொடுத்து, புரட்டாசி விதைப்பிலிருந்து பங்குனிப் பருத்தி எடுப்பு வரை நடத்திப் பார்த்து, எந்தப் பாடம் பிள்ளைகளிடம் சென்றது, எது செல்லவில்லை என்பதைக் கோடை விடுமுறைக்கு முன் உபாத்தியாயர்களையே கூட்டிக் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி மறு வருஷத்து ஏட்டைத் திருத்தவேண்டும்.